விளாங்குடி மாவில் இரண்டு கிருமிகள்: ஒரு நிகழ்வு ஆய்வு

மதுரை விளாங்குடிப் பக்கம் ஒரு சந்தில் மாவு ஆட்டி விற்கிற அக்கா ஒருவர் இருக்கிறார். ராத்திரி ஆட்டி, விடிய விடியப் பொங்க வைத்து, காலை ஆறு மணிக்குக் கடையைத் திறப்பார். ஒன்பது மணிக்குள் மூன்று அண்டாவும் காலியாகிவிடும். தெருவுக்குத் தெரு பாக்கெட் மாவு வந்த பிறகும் தூக்குவாளியோடு வந்து நிற்கிற வாடிக்கை அவருக்கு உண்டு. ஒரு பங்குனிக் கடைசியில், அவர் மாவில் எந்த மருந்துக்கும் சாகாத கிருமி இருக்கிறது என்று ஒரு குரல் பதிவு வாட்ஸ்அப்பில் சுற்றியது. மூன்று அண்டா ஒன்றானது. அந்த ஒன்றிலும் பாதி மிஞ்சியது.

குரல் பதிவு எங்கிருந்து கிளம்பியது என்று தேடினால், எம்.எஸ்சி. நுண்ணுயிரியல் படிக்கும் ஒரு மாணவியின் ப்ராஜெக்டில் போய் முடிந்தது. அவர் யாரையும் பயமுறுத்த நினைக்கவில்லை. தோழியிடம் சொன்னார், தோழி வீட்டில் சொன்னார், அப்புறம் அது தானாக நடந்தது. அந்த ப்ராஜெக்டுக்கு எக்ஸ்டர்னலாக வைவா எடுக்கப் போனவன் நான். ஆஸ்பத்திரி லேப்களில் பல வருஷம் கல்ச்சர் பிளேட் பார்த்துக் கண் பூத்தவன் என்பதால் கூப்பிட்டிருந்தார்கள்.

மாணவி பயந்த இடத்தில் பயப்பட ஒன்றும் இல்லை. அவர் பயப்படாமல் தாண்டிப் போன ஒரு வரியில்தான் சரக்கு இருந்தது. அதனால்தான் இதை முழுசாக எழுதி வைக்கிறேன்.

ப்ராஜெக்டில் இருந்தது

மதுரைக்குள் சில மாவுக்கடைகளில் மாவு வாங்கி, நீர்த்து, அகார் பிளேட்டில் தடவி, வளர்ந்த கிருமிகளைத் தனித்தனியாகப் பிரித்திருந்தார். விளாங்குடி மாவில் இருந்து வந்த இரண்டு மட்டும் இங்கே முக்கியம். அவர் வைத்த பெயரிலேயே சொல்கிறேன்: வி3, வி5.

இரண்டும் கிராம் ஸ்டெயினில் ஊதா. இரண்டும் உருண்டை, ஜோடி ஜோடியாகவும் குட்டிச் சங்கிலியாகவும் நிற்பவை. இரண்டுக்கும் கேட்டலேஸ் என்ற நொதி இல்லை. பித்த உப்பும் எஸ்குலினும் கலந்த அகாரை இரண்டும் கறுப்பாக்கின. 6.5 சதவீத உப்பிலும் இரண்டும் வளர்ந்தன. பாடப்புத்தகத்தில் இந்த வரிசையைத் தேடினால், குடலில் வாழும் உருண்டைக் கிருமியான ‘என்டரோகாக்கஸ்’ என்றுதான் வரும். அவரும் அப்படியே எழுதியிருந்தார். பிறகு மருந்து டிஸ்க் வைத்துப் பார்த்தார். மருந்து கேட்டால் டிஸ்கைச் சுற்றிக் கிருமி வளராத வட்டம் விழும். வி3 வான்கோமைசின் டிஸ்கைச் சுற்றித் துளி இடம்கூட விடாமல், டிஸ்கின் விளிம்பு வரை வளர்ந்து நின்றது. வி5 வான்கோமைசினுக்கு நல்ல வட்டம் காட்டியது. ஆனால் டெட்ராசைக்ளின், எரித்ரோமைசின், செஃபோடாக்சிம், ஜென்டாமைசின் நான்குக்கும் வட்டம் இல்லை, அல்லது ரொம்பச் சின்ன வட்டம்.

முடிவுரையில் வி3 பற்றி இரண்டு பக்கம்: வான்கோமைசினுக்குக் கட்டுப்படாத என்டரோகாக்கஸ் மதுரை இட்லி மாவில் இருக்கிறது என்று. வி5க்கு ஒரே ஒரு வரி: ‘வான்கோமைசினுக்குக் கட்டுப்படுவதால் கவலைக்குரியதாக இல்லை.’

வான்கோமைசினுக்குக் கட்டுப்படாத என்டரோகாக்கஸ் என்றால் ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு வயிற்றைக் கலக்கும். அது நியாயமும்தான். 1958ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற அந்த மருந்து, வேறு எதுவும் கேட்காதபோது எடுக்கிற ஆயுதமாக முப்பது வருஷம் நின்றது. 1988ல் இங்கிலாந்திலும் பிரான்சிலும் இருந்து, அதற்கும் அடங்காத என்டரோகாக்கஸ் பற்றிய அறிக்கைகள் வந்தன. ஐரோப்பாவில் கோழி, பன்றித் தீவனத்தில் வளர்ச்சிக்காகக் கலந்த அவோபார்சின் என்ற உறவுக்கார மருந்துக்கு இதில் பங்கு உண்டு என்று தெரிந்து, டென்மார்க் 1995லும் ஐரோப்பிய ஒன்றியம் 1997லும் அதை நிறுத்தின. 2002ல் அமெரிக்காவின் மிச்சிகன் மாகாணத்தில் டயாலிசிஸ் செய்துகொண்டிருந்த ஒரு நோயாளியிடம், அந்த எதிர்ப்பு மரபணு என்டரோகாக்கஸிலிருந்து ஸ்டாஃபிலோகாக்கஸ் என்ற வேறொரு கிருமிக்குத் தாவியே விட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் 2017 பட்டியலிலும் 2024 பட்டியலிலும் வான்கோமைசினுக்கு அடங்காத என்டரோகாக்கஸ் ஃபீசியம் இருக்கிறது. இத்தனையும் படித்த ஒரு பெண், டிஸ்கைச் சுற்றி வட்டமே இல்லாத பிளேட்டைப் பார்த்தால் தோழியிடம் சொல்லத்தான் செய்வார்.

நான் செய்த அதே தப்பு

வைவாவில் நான் அவரைக் கடிந்து பேசவில்லை. காரணம், அதே தப்பை நானே செய்து கையெழுத்தும் போட்டிருக்கிறேன்.

பல வருஷம் முன்னால், கழுத்தில் குழாய் வைத்து டயாலிசிஸ் செய்துகொண்டிருந்த ஒருவருக்குக் குளிர் காய்ச்சல். ரத்தக் கல்ச்சரில் ஊதா உருண்டை வளர்ந்தது, வான்கோமைசினுக்கு வட்டமே இல்லை. ‘வான்கோமைசின் எதிர்ப்பு என்டரோகாக்கஸ்’ என்று ரிப்போர்ட் எழுதி அனுப்பிவிட்டேன். அவரைத் தனி அறைக்கு மாற்றினார்கள், லினசோலிட் என்ற மருந்தை ஏற்றினார்கள், குடும்பத்தையே கிட்டே விடவில்லை. சந்தேகம் வந்து இன்னொரு லேபுக்கு அனுப்பியதில் லூகோனாஸ்டாக் என்ற வேறொரு கிருமி என்று பதில் வந்தது. குழாயை எடுத்து, பெனிசிலின் வகை மருந்து கொடுத்திருந்தாலே போதும். ஆள் பிழைத்துக்கொண்டார். ஆனால் அவர் மனைவி நாலு நாள் கண்ணாடிக்கு வெளியே நின்றது என் ரிப்போர்ட்டால்தான். உலகத்தில் இது எனக்கு மட்டும் நடந்ததில்லை. வான்கோமைசினுக்கு அடங்காத லூகோனாஸ்டாக் மனிதர்களிடம் நோய் தரும் என்று மருத்துவ இதழ்களில் எழுதத் தொடங்கியதே 1985ல்தான். அதற்கு முன் அதை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்றே பலர் எழுதியிருப்பார்கள்.

அதனால் மாணவியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். “இந்த வி3 கேஸ் விடுமாம்மா?”

அவர் முழித்தார். “அது பார்க்கல சார்.”

“சரி, மாவுக்கடைக்குப் போவோம்.”

அண்டாவில் இருந்த பதில்

மறுநாள் காலை ஐந்தரைக்கு விளாங்குடியில் இருந்தோம். அக்கா எங்களைப் பார்த்த பார்வையில் அன்பு ஒன்றும் இல்லை. “வாங்க சார், இன்னும் என்ன சொல்லப் போறீங்க? எம் மாவுல கிருமி இருக்குன்னு ஊரெல்லாம் சொல்றாய்ங்க. நாப்பது வருசமா இதே மாவத்தான எம் புள்ளைகளும் தின்னுச்சுக.” மாணவி தலையைக் குனிந்துகொண்டார்.

அண்டா மூடியைத் திறந்தார். சித்திரை வெயில் தொடங்கிவிட்ட மதுரையில் ராத்திரியும் வெக்கைதான். மாவு மூடியைத் தூக்கிக்கொண்டு விளிம்பில் வழிந்திருந்தது. “இது பொங்கலன்னா கடைய மூடிட்டுப் போக வேண்டியதுதான்” என்றார் அக்கா.

பொங்குவது எதனால்? சோடா உப்பு இல்லை, ஈஸ்ட் போடுவதில்லை. இதை முறையாகச் சோதித்து 1965ல் வெளியிட்டவர்கள் அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஜெனீவா ஆய்வு நிலையத்தைச் சேர்ந்தவர்கள். இட்லி மாவைப் பொங்க வைப்பது லூகோனாஸ்டாக் மெசென்டிராய்ட்ஸ் என்ற லாக்டிக் அமில பாக்டீரியா என்று காட்டினார்கள். ரொட்டியைப் போல ஈஸ்ட் இல்லாமல், லாக்டிக் பாக்டீரியா மட்டுமே ஒரு மாவை உப்ப வைப்பதற்கு அவர்களுக்குத் தெரிந்து அதுதான் முதல் பதிவு. அந்தக் கிருமி உளுந்தோடு வருகிறது. ஊற வைக்கும்போதே பெருகத் தொடங்கி, ஆட்டிய மாவில் ஒரு கிராமுக்கு நூறு கோடியைத் தாண்டுகிறது. சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலத்தோடு கார்பன் டை ஆக்சைடையும் விடுகிறது. என்டரோகாக்கஸ் சர்க்கரையைத் தின்றால் அமிலம் மட்டும்தான், வாயு வராது.

ஆக, மாவுக்கடையில் எடுத்த ஊதா உருண்டை வான்கோமைசினுக்கு அடங்கவில்லை என்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது மாவைப் பொங்க வைக்கிறவனை. அண்டாவே ஒரு சோதனைக் குழாய். நாம்தான் அதைப் பார்க்காமல் பிளேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

லேபில் மறுபடி செய்தோம். குளுக்கோஸ் திரவத்துக்குள் குட்டி டர்ஹாம் குழாயைக் கவிழ்த்து வைத்து வி3ஐ வளர்த்ததில், மறுநாள் குழாயின் தலையில் வாயு. பி.ஒய்.ஆர். என்ற நொதிச் சோதனையில் என்டரோகாக்கஸ் சிவக்கும், இது சிவக்கவில்லை. 45 டிகிரியில் வளரவில்லை. மாணவிக்கு ரொம்பப் பிடித்தது கடைசிச் சோதனை: சாதாரணச் சர்க்கரை சேர்த்த அகாரில் தடவியதும், பிளேட் முழுக்கக் கண்ணாடி மாதிரி மினுங்கும் கொழகொழப்பு. அது டெக்ஸ்ட்ரான். வெட்டிய கரும்பு ஆலைக்குப் போகாமல் வெயிலில் கிடந்தால் சாறு கொழகொழக்கும் என்று அலங்காநல்லூர்ப் பக்கத்துக் கரும்பு விவசாயி சொல்வாரே, அந்தக் கொழகொழப்புக்கும் காரணம் இதே கிருமிதான். இதே டெக்ஸ்ட்ரானைச் சுத்தம் செய்து ஆஸ்பத்திரியில் டிரிப்பாகவும் ஏற்றுகிறார்கள். மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். சோதனையில், என்டரோகாக்கஸுக்கு வான்கோமைசின் எதிர்ப்புத் தரும் வான்-ஏ, வான்-பி மரபணு இரண்டும் இல்லை. மரபணு வரிசை பார்த்ததில் லூகோனாஸ்டாக் மெசென்டிராய்ட்ஸ் என்று வந்தது.

பித்த அகாரைக் கறுப்பாக்குவதும் 6.5 சதவீத உப்பில் வளர்வதும் லூகோனாஸ்டாக்கில் வகைக்கு வகை மாறும். சிலது செய்யும், சிலது செய்யாது. இந்த இரண்டை மட்டும் நம்பினால் யாரும் ஏமாறுவார்கள். ப்ராஜெக்ட் கைடு இதைக் கவனித்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். ஆனால் கல்லூரி லேப்களில் பி.ஒய்.ஆர். டிஸ்க் வாங்கவே காசு இருக்காது என்பதும் எனக்குத் தெரியும்.

திமில் இல்லாத மாடு

சரி, வி3 வான்கோமைசினுக்கு அடங்காததும் உண்மைதானே, அதற்கு ஏன் கவலைப்பட வேண்டாம் என்று அக்கா கேட்டார். மாணவிக்குச் சொல்வதைவிட அவருக்குச் சொல்வது எனக்குக் கஷ்டமாக இருந்தது, அப்புறம் ஜல்லிக்கட்டு கைகொடுத்தது.

பாக்டீரியா தன்னைச் சுற்றிக் கட்டும் சுவருக்குச் செங்கல் மாதிரி ஒரு துண்டைத் தயாரிக்கிறது. அந்தத் துண்டின் வால் நுனியில் டி-அலனின் என்ற அமினோ அமிலம் இரண்டு அடுத்தடுத்து இருக்கும். வான்கோமைசின் அந்த நுனியைத்தான் பிடிக்கும். பிடித்துக்கொண்டால் சுவர் எழும்பாது, கிருமி செத்துப்போகும். ஜல்லிக்கட்டில் திமிலை மட்டும்தான் பிடிக்கலாம், கொம்பையோ வாலையோ பிடிக்கக்கூடாது என்பது போல, இந்த மருந்துக்கும் பிடிக்கத் தெரிந்த இடம் அது ஒன்றுதான். லூகோனாஸ்டாக் திமிலே இல்லாமல் பிறந்த மாடு. அதன் துண்டின் நுனியில் டி-அலனினுக்கு அடுத்து டி-லாக்டேட் இருக்கிறது. ஒரே ஒரு ஹைட்ரஜன் பிணைப்பு குறைகிறது. மருந்தின் பிடி ஆயிரம் மடங்கு தளர்ந்துவிடுகிறது.

இது அந்த மாட்டின் பிறவிக் குணம். வான்கோமைசினை மனிதன் கண்டுபிடிப்பதற்கு முன்பே அது அப்படித்தான் சுவர் கட்டிக்கொண்டிருந்தது. அந்தக் குணத்துக்கான மரபணு அதன் முதன்மைக் குரோமோசோமிலேயே, சுவர் கட்டும் வேலையின் நடுவில் இருக்கிறது. கழற்றி இன்னொன்றுக்குக் கொடுக்கிற சாமான் இல்லை. பீடியோகாக்கஸ் என்ற இன்னொரு லாக்டிக் பாக்டீரியாவும், லாக்டோபேசிலஸ் கூட்டத்தில் பெரும்பகுதியும் இதே ரகம்.

ஆஸ்பத்திரியில் பயப்படும் என்டரோகாக்கஸ் செய்வதும் கடைசியில் இதே வித்தைதான், அதுவும் டி-லாக்டேட்டைத்தான் ஒட்டுகிறது. ஆனால் அது திமிலோடு பிறந்த மாடு. வான்-ஏ மரபணுக் கூட்டம் டிஎன்1546 என்ற தாவும் துண்டில் ஏறி வெளியிலிருந்து வந்தது. வந்த வழியே அடுத்தவருக்கும் போகும். ஒன்று பட்டா நிலம், மற்றது கைமாற்று. டிஸ்க் பிளேட்டில் இரண்டும் ஒரே மாதிரித்தான் தெரியும். வட்டம் இல்லை என்று மட்டும்தான் பிளேட் சொல்லும், ஏன் இல்லை என்று சொல்லாது.

அக்காவுக்கு இது உடனே பிடிபட்டது. “அப்ப இது பொறக்கும்போதே அப்படி. பக்கத்து வீட்டுக்குக் குடுக்காது” என்றார். எனக்கு இரண்டு வகுப்பு எடுத்த களைப்பு தீர்ந்தது.

உணவுக் கிருமிகளைச் சோதிக்கிறவர்கள் இதை எப்போதோ எழுதி வைத்துவிட்டார்கள். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2012ல் வெளியிட்ட வழிகாட்டியில், ஒவ்வொரு கிருமி இனத்துக்கும் ஒவ்வொரு மருந்துக்கும் எல்லை அளவு உண்டு. லூகோனாஸ்டாக், பீடியோகாக்கஸ் வரிசையில் வான்கோமைசின் கட்டத்துக்கு நேரே ‘சோதிக்கத் தேவையில்லை’ என்றுதான் இருக்கும். லாக்டிக் பாக்டீரியாவுக்கு மருந்து எவ்வளவு தேவை என்று அளக்க 2010ல் ஐ.எஸ்.ஓ. 10932 என்ற தனி முறையே வந்தது. ஆஸ்பத்திரியில் நாங்கள் பயன்படுத்தும் முல்லர்-ஹின்டன் அகாரில் இவற்றில் பல சரியாக வளராது. லாக்டோபேசிலஸ் ஆசையாக வளரும் எம்.ஆர்.எஸ். அகாரில் வளர்த்தால், அதன் புளிப்பும் சத்தும் மருந்தின் வேலையையே மாற்றிவிடும். அதனால் இவற்றுக்கென்றே ஒரு கலவை ஊடகம் வைத்திருக்கிறார்கள். மாவுக் கிருமிக்கு ஆஸ்பத்திரி டிஸ்க் வைத்து, ஆஸ்பத்திரி அட்டவணையில் அளவு பார்த்தால் எண் வரும். அந்த எண்ணுக்கு அர்த்தம் இருக்காது.

ஒரு வரியில் இருந்த வி5

இப்போது வி5க்கு வருகிறேன். உண்மையைச் சொன்னால் வைவாவிலேயே என் கண் அங்கேதான் நின்றது.

மறுபடி சோதித்ததில் இது அசல் என்டரோகாக்கஸ் ஃபீகாலிஸ். வாயு இல்லை, பி.ஒய்.ஆர். சிவந்தது, 45 டிகிரியில் சுகமாக வளர்ந்தது. இட்லி மாவில் இது இருப்பதே அதிசயம் இல்லை. 1965 ஆய்விலும் இது இருக்கிறது, அப்போது பெயர் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் ஃபீகாலிஸ். 1984ல்தான் என்டரோகாக்கஸ் என்று தனிப் பேரினமாகப் பிரித்தார்கள். மாவு புளிப்பதில் அதற்கும் பங்கு உண்டு.

மாணவியின் அட்டவணையில் இதற்கு நான்கு எதிர்ப்பு. அதில் இரண்டை உடனே அடித்தோம். செஃபோடாக்சிம் போன்ற செஃபலோஸ்போரின் மருந்துகளுக்கு என்டரோகாக்கஸ் பிறவியிலேயே அடங்காது. ஜென்டாமைசினும் தனியாகக் கொடுத்தால் அப்படித்தான், மருந்து உள்ளே நுழைவதே சிரமம். லூகோனாஸ்டாக்குக்கு வான்கோமைசின் எப்படியோ அப்படி. நான்கு மருந்தை எண்ணி ‘பல மருந்து எதிர்ப்பு’ என்று எழுதுகிற பழக்கம் எத்தனையோ ஆய்வேடுகளில் உண்டு. பிறவிக் குணத்தையும் சேர்த்து எண்ணினால் எந்தக் கிருமியும் பயங்கரவாதிதான்.

மிச்சம் டெட்ராசைக்ளினும் எரித்ரோமைசினும். இவை என்டரோகாக்கஸின் பிறவிக் குணம் இல்லை. வெளியிலிருந்து வந்தால்தான் உண்டு. பி.சி.ஆர். பார்த்தோம். டெட்-எம் என்ற எதிர்ப்பு மரபணு இருந்தது, இஆர்எம்-பி என்பதும் இருந்தது. டெட்-எம் தயாரிக்கும் புரதம், செல்லுக்குள் புரதம் செய்யும் பட்டறையான ரைபோசோமில் உட்கார்ந்த டெட்ராசைக்ளினைத் தள்ளிவிடும். இஆர்எம்-பி ரைபோசோமின் ஆர்.என்.ஏ.வில் ஒரு மெத்தில் முத்திரை குத்தி, எரித்ரோமைசினுக்கு உட்கார இடம் இல்லாமல் செய்துவிடும். உணவிலிருந்து எடுக்கும் லாக்டிக் பாக்டீரியாவில் எதிர்ப்பு மரபணு தேடுகிறவர்கள் உலகம் பூராவும் திரும்பத் திரும்பச் சந்திக்கும் ஜோடி இதுதான்.

இருக்கிறது என்பது ஒன்று, தாவும் என்பது வேறு. தெரிந்த ஒருவரின் லேபில் கெஞ்சி ஒரு சோதனை செய்தோம். வி5ஐயும், ஜேஎச்2-2 என்ற சாதுவான லேப் என்டரோகாக்கஸையும் ஒரே வடிதாளில் ஒன்றாக ராத்திரி முழுக்க விட்டோம். ஜேஎச்2-2க்கு ரிஃபாம்பிசின் எதிர்ப்பு உண்டு, டெட்ராசைக்ளின் எதிர்ப்பு கிடையாது. காலையில் இரண்டு மருந்தும் சேர்ந்த பிளேட்டில் தடவினோம். தாவல் நடக்காவிட்டால் அதில் எதுவும் வளரக்கூடாது. வளர்ந்தது. டெட்-எம் தாவியிருந்தது. இஆர்எம்-பி எங்கள் கையில் தாவவில்லை.

டெட்-எம் தாவுவது புது விஷயமும் இல்லை. அதைச் சுமக்கும் டிஎன்916 என்ற துண்டை 1981ல் கண்டுபிடித்ததே என்டரோகாக்கஸ் ஃபீகாலிஸில்தான். குரோமோசோமுக்கு வெளியே தனியாகச் சுற்றும் டி.என்.ஏ. வளையமான பிளாஸ்மிடின் உதவிகூட இல்லாமல் ஒரு செல்லிலிருந்து இன்னொன்றுக்குத் தானாகப் போகும். எந்த வீட்டுக்கும் போகும், இனம் பார்க்காது.

ஆக மாணவி இரண்டு பக்கம் எழுதிய வி3 யாருக்கும் எதையும் கொடுக்காது. ஒரு வரியில் விட்ட வி5 கேட்டால் கொடுக்கும்.

இதை வைத்து இன்னொரு குரல் பதிவு போட வேண்டியதில்லை. இட்லி ஆவியில் பத்து நிமிஷம் வேகிறது. 60 டிகிரியில் அரை மணி தாங்குகிற என்டரோகாக்கஸும் அந்த ஆவியில் நிற்காது. வேகாமல் உள்ளே போகிறவைதான் வேறு: தயிர், மோர், பழைய சோற்று நீராகாரம், பச்சை மாவு பட்ட கை, அதே கரண்டியால் அள்ளிய சட்னி. அவற்றிலும் பெரும்பாலும் நல்லவர்கள்தான் இருக்கிறார்கள். குடலுக்குள் போகிற ஒருவரிடம் கைமாற்றுச் சரக்கு இருந்தால், அங்கே வாங்க ஆள் ஏராளம் என்பது மட்டுமே கவலை.

புரோபயாடிக் விற்கிற கம்பெனிகளுக்கும் இந்தக் கவலை வந்திருக்கிறது. லாக்டோபேசிலஸ் ரூட்டெரி என்ற கிருமியின் ஒரு வகையில், டெட்ராசைக்ளினுக்கும் லின்கோமைசினுக்கும் எதிர்ப்புத் தரும் இரண்டு பிளாஸ்மிட் இருப்பது தெரிந்தது. அவை இரண்டையும் நீக்கி டிஎஸ்எம் 17938 என்ற மகள் வகையை உண்டாக்கி, அது தாயைப் போலவே வேலை செய்கிறது என்று 2008ல் வெளியிட்டார்கள். கம்பெனிக்கு அது முடியும். நம் உறை மோருக்கும் மாவு அண்டாவுக்கும் யார் செய்வது?

எங்கிருந்து வந்தது

திரும்பவும் விளாங்குடி. இந்த முறை உளுந்து, அரிசி, ஊறிய தண்ணீர், கிரைண்டர் கல், அகப்பை, அக்கா கை கழுவிய தண்ணீர் எல்லாவற்றிலும் மாதிரி எடுத்து, டெட்ராசைக்ளின் கலந்த பிளேட்டில் போட்டோம். உளுந்தில் லூகோனாஸ்டாக் கிடைத்தது, டெட்ராசைக்ளினுக்கு அடங்காத என்டரோகாக்கஸ் கிடைக்கவில்லை. கை கழுவிய தண்ணீரில் கிடைத்தது.

கொல்லையில் ஒரு பசு, ஒரு கன்று. அதைப் பற்றி நாங்கள் கேட்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. விடியக்காலை நாலரைக்குப் பால் கறப்பார். கறந்த கையோடு அண்டாக்களைத் திறந்து, பொங்கிய மாவைக் கையால் ஒரு கலக்குக் கலக்கிவிட்டுக் கடை திறப்பார். நடுவில் தொட்டித் தண்ணீரில் கையை அலசுவார், சோப்புப் போடுவதில்லை.

மாசி மாதம் பசுவுக்கு மடி வீங்கியிருக்கிறது. காம்புக்குள் டியூப் மருந்து ஏற்றி, ஊசியும் போட்டிருக்கிறார்கள். அட்டைப்பெட்டியை எடுத்து வந்து காட்டினார், ஊசி ஆக்ஸிடெட்ராசைக்ளின்.

“அந்தப் பாலை என்ன செஞ்சீங்க?”

“ஊசி போட்ட பால் விக்க மாட்டேன் சார். வீட்டுக்கும் ஆகாது. ஒறையூத்துனா ஒறையவே ஒறையாது, தண்ணியாட்டம் நிக்கும். கன்னுக்குட்டிக்கு ஊத்திருவேன்.”

உறையாது என்பது நூற்றுக்கு நூறு சரி. பாலில் மருந்து மிச்சம் இருந்தால் உறைமோரில் இருக்கும் லாக்டிக் பாக்டீரியா வளராது, பாலும் தயிராகாது. பால் பண்ணைகளில் மருந்து மிச்சம் கண்டுபிடிக்கும் சோதனைகளில் ஒரு வகை இதே தத்துவத்தில்தான் வேலை செய்கிறது. நம் ஊரில் அந்தச் சோதனையைக் கிண்ணத்தில் செய்துகொண்டிருக்கிறார்கள், பெயர்தான் வைக்கவில்லை.

கன்றுக்கு ஊற்றியதுதான் சிக்கல். மருந்து கலந்த பால் கன்றின் குடலுக்குப் போனால், அங்கே மருந்துக்கு அடங்கும் கிருமிகள் சாகும், அடங்காதவை பெருகும். நாலு நாள், அஞ்சு நாள் குறைந்த அளவு மருந்து கிடைத்துக்கொண்டே இருந்தால், எதிர்ப்பு மரபணுவுக்கு அதைவிட நல்ல பயிற்சிக் களம் வேண்டாம். கன்றின் சாணத்தைப் பிளேட்டில் போட்டதில் டெட்ராசைக்ளினுக்கும் எரித்ரோமைசினுக்கும் அடங்காத என்டரோகாக்கஸ் ஏராளமாக வந்தது. வி5க்கு இருந்த அதே இரண்டு மரபணு.

மாணவி இங்கேயே ‘மூலம் கண்டுபிடிக்கப்பட்டது’ என்று எழுதப் பார்த்தார். நான் விடவில்லை. ஒரே மரபணு இருப்பதால் ஒரே கிருமி ஆகிவிடாது. முழு மரபணு வரிசை பார்த்து இரண்டையும் ஒப்பிட்டால்தான் கன்றிலிருந்து கைக்கு, கையிலிருந்து மாவுக்கு என்று கோடு போடலாம். நாங்கள் அதைச் செய்யவில்லை. ‘பொருந்துகிறது’ என்று எழுதச் சொன்னேன். ஒருமுறை அவசரப்பட்டதன் பலனைத்தான் அந்தத் தெருவே பார்த்துவிட்டதே.

பிறகு நடந்தது

அக்காவிடம் கையால் கலக்க வேண்டாம், அகப்பையால் கலக்குங்கள், கறந்ததும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள் என்றோம். கையை வைத்தால்தான் மாவு பொங்கும், ஒவ்வொரு கைக்கும் ஒரு ராசி உண்டு என்று அவர் சாதித்தார். மதுரையில் பாதி வீடுகளில் இதைச் சொல்வார்கள். ஒரே உளுந்து, ஒரே அரிசி, ஒரே தண்ணீர், ஒரே நேரம். ஒரு பாத்திரத்தில் கை, ஒரு பாத்திரத்தில் வெந்நீரில் போட்டெடுத்த அகப்பை. காலையில் இரண்டும் ஒரே உயரம். உளுந்திலேயே இருக்கிறவனுக்கு யார் கை வேண்டும்? அக்கா இரண்டு பாத்திரத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “அப்ப எங்க மாமியா என்னைய ஏமாத்திருக்கு” என்றார்.

அகப்பைக்கு மாறிய பிறகு மூன்று முறை மாவு எடுத்துப் பார்த்தோம். டெட்ராசைக்ளின் பிளேட்டில் என்டரோகாக்கஸ் வரவில்லை. மூன்று முறை என்பது குறைவு, ஆனால் மூன்றிலும் வராதது கணக்கில் வரும். வான்கோமைசினுக்கு அடங்காத லூகோனாஸ்டாக் மூன்றிலும் கோடிக்கணக்கில் இருந்தது. இருந்தால்தான் இட்லி.

மாணவி தலைப்பை மாற்றி, முடிவுரையைத் திருப்பி எழுதிச் சமர்ப்பித்தார். தான் முதலில் எழுதிய இரண்டு பக்கத்தை நீக்காமல், ‘தவறான அடையாளம்’ என்று தலைப்பிட்டு உள்ளேயே வைத்துக்கொண்டார். அந்தத் துணிச்சலுக்கு நான் கூடுதல் மதிப்பெண் போட்டேன். குரல் பதிவு இன்னும் எங்கேயோ சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. கடைக்குக் கூட்டம் திரும்பியதற்கு எங்கள் பி.சி.ஆர். காரணம் இல்லை. அழகர் ஆற்றில் இறங்குகிற வாரம் வந்தது, வீடு நிறையச் சொந்தக்காரர்கள் வந்தார்கள், ஊரில் மாவு கிடைக்கவில்லை. பயந்தவர்களே தூக்குவாளியோடு வந்து நின்றார்கள்.

கடைசியாக ஒரு கேள்வி பாக்கி இருந்தது. அடுத்த முறை பசுவுக்கு மடி வீங்கினால், ஊசி போட்ட பாலை என்ன செய்வது என்று அக்கா கேட்டார். மருந்து அட்டையில் எத்தனை நாள் பாலை ஒதுக்க வேண்டும் என்று போட்டிருக்கும், அத்தனை நாளும் கன்றுக்கும் கொடுக்காதீர்கள், எருக்குழிக்கு எட்டத்தில் மண்ணைத் தோண்டி ஊற்றி மூடுங்கள் என்றேன். அவர் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. கன்று தாம்புக் கயிற்றை இழுத்துக்கொண்டு எங்களைப் பார்த்துக் கத்தியது.

“அஞ்சு நாளைக்குப் பாலை மண்ணுல ஊத்தவா?” என்றார். “எங்கிட்டு சார் மனசு வரும்?”